காசின் முகம் களிம்பில்தான் இருக்கிறது: நீலகிரி மண்ணும் பழைய நாணயங்களும்

நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு நிலம் கொத்தும்போதும், பழைய வீட்டின் அடித்தளத்தைப் பிரிக்கும்போதும், தேயிலைச் செடிகளுக்கிடையே வடிகால் எடுக்கும்போதும் செப்புக் காசுகள் அகப்படுவது புதிய செய்தியன்று. அவற்றைத் தேடுவதற்கென்றே மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு மலையேறுவதுதான் புதியது. இந்தப் பொழுதுபோக்கின் பாடம் பெரும்பாலும் இங்கிலாந்தின் வயல்வெளிகளில் எடுக்கப்பட்ட காணொளிகளிலிருந்து நம்மவர்க்கு வந்துசேர்கிறது. கருவி ஒலிக்கிறது, ஒரு பிடி மண்ணைப் புரட்டுகிறார்கள், காசு வெளிப்படுகிறது, விரலால் துடைத்ததும் ஓர் அரசரின் முகம் தெரிகிறது. அந்தக் காட்சிக்குப் பின்னால் அந்நாட்டு மண்ணும் அந்நாட்டுச் சட்டமும் அந்நாட்டு நாணயங்களின் வரலாறும் நிற்கின்றன. இம்மூன்றில் ஒன்றும் நீலகிரிக்குப் பொருந்தாது. குறிப்பாக, விரலால் துடைக்கும் அந்தச் சிறு செயலே, அமிலத்தன்மை மிகுந்த மலைமண்ணிலிருந்து வரும் செப்புக் காசின் எழுத்துகளை அழித்துவிடப் போதுமானது. காசின்மேல் படிந்த அழுக்கு என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து வந்து ஒட்டியதே இல்லை. காசின் செம்பே அப்படி உருமாறிப்போயிருக்கிறது.

இது ஏன் என்று பார்ப்பதற்கு முன், இந்த மலையில் எந்தக் காசுகளை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தோடர், கோத்தர், படகர், குறும்பர் ஆகியோரிடையே நெடுங்காலம் பண்டமாற்றே நிலவியது. தோடரின் நெய்யும், கோத்தரின் மட்பாண்டமும் இரும்புக் கருவியும், படகரின் தானியமும், குறும்பரின் தேனும் பிற காட்டுப்பொருள்களும் காசில்லாமலேயே கைமாறின. நாணயம் சமவெளியிலிருந்து, வரியும் வணிகமும் வந்த வழியே மேலேறியது. கோவைச் சமவெளியில் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக் காசுகளுக்கு வெள்ளலூர் பெயர்பெற்றது. ஆனால் அவை பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பெருவழி வணிகத்தின் எச்சங்கள். அடிவாரத்தில் ரோமானியக் காசு கிடைத்ததை வைத்துக்கொண்டு உதகையின் சரிவுகளில் அதைத் தேடி அலைவது வீண் வேலை என்றே சொல்ல வேண்டும்.

மலையில் பரவலாகக் கிடைக்கக்கூடியவை கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டவை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும்வரை இந்தப் பகுதி மைசூரின் ஆட்சிக்குட்பட்டிருந்ததால், ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் பாரசீக எழுத்தில் அதை அச்சிட்ட அக்கசாலையின் பெயரும் கொண்ட திப்புவின் செப்புக் காசுகளும், அவருக்குப் பின்வந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் கன்னட எழுத்துள்ள காசுகளும் இங்கே புழங்கின. அதன்மேல் சென்னை மாகாணத்தின் நாணய முறை வந்து படிந்தது. 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம், 10 காசு ஒரு துட்டு என்னும் அந்தக் கணக்கு, 1818இல் வெள்ளி ரூபாய் தலைமை நாணயமாகும்வரை நீடித்தது. அக்காலத்து 20 காசு, 10 காசு நாணயங்களில் ஒரு பகுதி 1803ஆம் ஆண்டும் 1808ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்டு, இங்கிலாந்தின் பர்மிங்காமில் நீராவி இயந்திரத்தால் அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்தவை. இவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மணல்திட்டில் மூழ்கியது. சென்னைச் சந்தைக்கென அடித்த காசுகள் ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கடலடியில் கிடந்து 1980களில் மேலே வந்தன. அவற்றுள் பல இன்னும் எழுத்துத் தெளிவோடு இருக்கின்றன. காசு எத்தனை ஆண்டு புதைந்திருந்தது என்பதைவிட எதில் புதைந்திருந்தது என்பதே அதன் நிலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பகுதிக்கு வந்து தங்கியதற்குப் பிறகு, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் பாதைகள் அமைந்தன. காப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் கூலியைக் காசாகத் தந்தன. வெலிங்டனில் படைவீடு எழுந்தது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ரயில் வந்தது. ஆகவே பழைய மலைப்பாதைகள், சந்தைத் திடல்கள், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் ஆகியவற்றின் மண்ணில் 1835க்குப் பிந்தைய காலணாக்களும் தம்பிடிகளும்தான் மிகுதி. தேவாலா, பந்தலூர் பகுதிகளில் 1880ஐ ஒட்டித் தங்கச் சுரங்க ஆசை மூண்டு சில ஆண்டுகளிலேயே அடங்கிய கதையைக் கேட்டு, அங்கே தங்கத்தையும் சேர்த்துத் தேடலாம் என்று கருவி வாங்குவோர் உண்டு. அங்குள்ள பொன் குவார்ட்ஸ் எனப்படும் வெள்ளைப் பாறைக்குள் பொடியாகச் சிதறியிருப்பது. கையில் ஏந்தும் கருவிக்கு அது தட்டுப்படாது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் இறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகள் மட்டும் அவ்வப்போது வருகின்றன.

மெட்டல் டிடெக்டர் செயல்படும் விதம் எளிது. அதன் வட்டத் தலையிலுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்து ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அவை எழுப்பும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் ஏற்றுக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையேயான காலப் பிந்தலை வைத்து, மின்கடத்தும் திறன் மிகுந்த வெள்ளியையும் செம்பையும் இரும்பிலிருந்து கருவி பிரித்தறிகிறது. பொழுதுபோக்குக்காக விற்கப்படும் கருவிகள் ஒரு காசை ஒரு சாண் ஆழம் வரைதான் ஓரளவு நம்பகமாகக் காட்டும். நீலகிரியில் அதுவும் குறைந்துவிடுகிறது. இங்குள்ள லேட்டரைட் எனப்படும் செம்மண்ணில் இரும்பின் ஆக்சைடுகள் நிறைந்துள்ளன. மலையின் அடித்தளமான சார்னகைட் பாறையில் காந்தத்தன்மையுள்ள மேக்னடைட் கனிமம் கலந்திருக்கிறது. கருவியை மண்ணின் தன்மைக்கேற்பச் சமன்செய்துகொள்ளாவிட்டால் ஒவ்வொரு சிவப்புக் கல்லும் காசைப்போல் ஒலிக்கும். அளவுக்கு மீறி அடக்கிவைத்தாலோ உண்மையான காசும் ஊமையாகிவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அண்மைக் காலத்தில் வெளிவந்த நம் சில்லறை நாணயங்கள் பல காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வரால் ஆனவை என்பதால், இரும்பை ஒதுக்கும்படி அமைத்த கருவி அவற்றையும் ஆணி என்று தள்ளிவிடுகிறது. பழங்காசு தேடுவோருக்கு இது இழப்பில்லை.

மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று கொள்வதும் தவறு. சரிவுகளில் மேல்மண் ஆண்டுதோறும் மழையில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2009 நவம்பரில் நேர்ந்ததைப் போன்ற நிலச்சரிவு ஒரே இரவில் ஒரு மேட்டைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகிறது. காரட்டும் கோசும் விளையும் படிக்கட்டு வயல்களில் மண் பலமுறை புரட்டப்பட்டுவிட்டது. அத்தகைய இடத்தில் கிடைத்த தனிக்காசு அந்த இடத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. புரட்டப்படாத மண்ணில், ஒரு பானையிலோ சுவரடியிலோ கிடைத்த காசின் நிலை வேறு. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

இனி மண்ணின் வேதியியலுக்கு வருவோம். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர், பி.எச். மதிப்பு 4.5 முதல் 5.5 வரையுள்ள மண் அதற்கு உகந்தது. மிகுந்த மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்பதால் மலைமண்ணுக்கு இந்தப் புளிப்பு இயல்பாகவே அமைந்தது. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் புதைந்த செம்பின்மேல் கார்பனேட் சேர்ந்த பச்சைப் படலம் மெல்ல உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசமாகிவிடுகிறது. காணொளிகளில் வழவழப்பான பச்சை நிறத்தோடு காசுகள் வெளிவருவது இதனால்தான். புளிப்பு மண்ணில் அந்தக் கவசம் நிலைப்பதில்லை. செம்பு கரைந்து சுற்றியுள்ள மண்ணுக்குள் ஊர்கிறது. காசின் பரப்பு குழிகுழியாகிறது. மண்ணின் இரும்பு ஆக்சைடு அந்தக் குழிகளில் புகுந்து செம்மண்ணையும் காசையும் ஒன்றாகப் பிணைக்கிறது. பழுப்பும் கருப்பும் சிவப்பும் கலந்த ஒரு கட்டியாக அது கையில் வருகிறது.

இதற்கு உரமும் துணைசெய்கிறது. பொட்டாஷ் உரமாகப் பரவலாக இடப்படுவது பொட்டாசியம் குளோரைடு. அம்மோனியம் கலந்த உரங்களும் செம்பை அரிக்கும் இயல்புடையவை. இவற்றில் குளோரைடுதான் நெடுநாள் பகை. அது செம்போடு சேர்ந்து காசின் உட்புறத்தில், உலோகத்தை ஒட்டிப் பதுங்கிக்கொள்கிறது; மண்ணுக்குள் காற்று குறைவாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கிறது. காசை வெளியே எடுத்ததும் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் பட்டு அது விழித்துக்கொள்கிறது. வெளிறிய பச்சை நிறத்தில் பொடி கிளம்புகிறது. அந்த வினையில் பிறக்கும் அமிலம் அடுத்த அடுக்குச் செம்பை அரிக்க, வினை தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகிறது. வெண்கல நோய் என்று வழங்கும் இது, நூறாண்டு மண்ணில் தாங்கிய காசைச் சில மாதங்களில் பொடியாக்கிவிடும். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தின் இயல்பைச் சொல்ல வரும்போது, அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பில் களிம்புபோல் உடன்பிறந்தது என்கிறது. உலோகத்தைப் பாதுகாக்கும் துறையினர் இந்த உவமையின் முற்பாதியை மறுக்கமாட்டார்கள். களிம்பைப் போக்கியே தீரவேண்டும் என்னும் பிற்பாதியில்தான் அவர்கள் தயங்குவார்கள்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இது. ஒரு காசு அரிக்கப்படும்போது செம்பு அணுக்கள் வெளிநோக்கி நகர்ந்து ஆக்சைடாகவும் பிற சேர்மங்களாகவும் படிகின்றன. அச்சிட்டபோது இருந்த பரப்பு, அதாவது அரசரின் முகமும் எழுத்தும் ஆண்டும் இருந்த அந்த மெல்லிய எல்லை, இந்தப் படிவுகளின் நடுவே ஒரு வரியாக எஞ்சுகிறது. அதற்கு மேலே இருப்பது மண் கலந்த புறப்படிவு. அதற்குக் கீழேயும் பெரும்பாலும் சிவப்பு ஆக்சைடு. அதற்கும் கீழேதான் எஞ்சிய உலோகம். எலுமிச்சைச் சாற்றிலோ புளிக்கரைசலிலோ வினிகரிலோ போட்டு எடுக்கும்போது மேலுள்ள அனைத்தும் கரைந்து, எழுத்து இருந்த எல்லையும் உடன்போய், இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் வெறும் தகடு கிடைக்கிறது. அதைப் பார்த்து "காசு முன்பே தேய்ந்திருந்தது போலும்" என்று எண்ணிக்கொள்கிறோம்.

பித்தளைச் செம்பையும் குத்துவிளக்கையும் புளிபோட்டு விளக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே நமக்கு எதிராக வேலைசெய்கிறது. அந்தப் பாத்திரங்களில் வாரத்துக்கு ஒருமுறை படியும் மெல்லிய படலத்தைத்தான் புளி எடுக்கிறது. கீழே உலோகம் திடமாக இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு மண்ணில் கிடந்த ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள காசுக்கு அந்த வசதி கிடையாது. வெள்ளிக் காசை விபூதியால் தேய்ப்பதும் இப்படியே. பொடியின் நுண்துகள்கள் பரப்பில் மயிர்க்கோடுகளை இழுத்துவிடும், அவை பின்னர் மறைவதில்லை.

மின்னாற்பகுப்பு முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைபேசி சார்ஜரை வெட்டி, உப்புக்கரைசலில் காசைத் தொங்கவிடும் முறை காணொளிகளில் மிகவும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகமே 1930கள் தொடங்கிச் செப்புத் திருமேனிகளை மின்வேதி முறையில் தூய்மை செய்து காப்பாற்றியிருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அது உண்மை. ஆனால் அங்கே அளவிட்டுக் குறைத்த மின்னோட்டமும், குளோரைடு இல்லாத காரக் கரைசலும், திரும்பத் திரும்பக் கழுவி உப்பு எஞ்சவில்லை என்று சோதித்துப் பார்க்கும் முறையும் இருந்தன. எடுத்துக்கொண்ட பொருள் உள்ளே திண்மையான உலோகமுள்ள சிலை. சமையல் உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவது, எந்தக் குளோரைடை வெளியேற்ற வேண்டுமோ அதையே காசுக்குள் செலுத்துவதாகும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் காசை ஊறவைத்து, நீரைச் சில நாள்களுக்கு ஒருமுறை மாற்றி, மண் தானாக இளகுவதற்குக் காத்திருப்பதே முதல் வேலை. குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கும் என்பதால் அது ஆகாது. இளகிய மண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்து, நுனி மழுங்கிய மூங்கில் குச்சியால் தொட்டுத் தொட்டு விலக்கலாம். இரும்பு ஊசியும் கம்பித் தூரிகையும் கூடாது. குச்சிக்கு மண்ணின் மென்மை மாறி வழவழப்பான ஒரு கடினம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அது பழுப்பாக இருந்தாலும் கருப்பாக இருந்தாலும் அதுவே காசின் முகம். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் முறை மென்மையானதாகத் தோன்றினாலும், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் செம்பைக் கரைக்கத்தான் செய்கின்றன. தேங்காயெண்ணெய்க்கும் இது பொருந்தும். குளோரைடை வெளியேற்றும் சோடியம் செஸ்குவிகார்பனேட் ஊறலும், செம்பை முடக்கிவைக்கும் பென்சோட்ரையசோல் பூச்சும் ஆய்வகத்துக்குரியவை. பின்னது உடலுக்கும் நல்லதன்று என்பதால் சமையலறை மேடையில் அதைக் கையாள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வெள்ளி ரூபாய்க்குச் சற்று வேறான கணக்கு. 1835 முதல் 1939 வரை ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம், அதில் 12இல் 11 பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. மண்ணில் கிடக்கும்போது அந்த ஒரு பங்குச் செம்பே முதலில் கசிந்து மேலே பச்சையாகப் படிவதால், பார்ப்பவர் அதைச் செப்புக் காசென்றே நினைத்துவிடலாம். செம்பை இழந்த வெள்ளி நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும்; வளைத்துப் பார்க்கவோ கீழே போட்டு ஓசை கேட்கவோ கூடாது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்த்துக் கருமையைப் போக்கும் வழி, பாட்டியின் பெட்டியில் காற்றுப்பட்டுக் கருத்த ரூபாய்க்கு ஏற்றது; மண்ணிலிருந்து வந்ததற்கு ஏற்றதன்று. பூந்திக்கொட்டை ஊறிய நீர் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், வேறொன்றும் செய்யாது. அதனாலேயே அது பாதுகாப்பானது. தங்கத்தை மண் ஒன்றும் செய்வதில்லை, நல்ல நீரே போதும். அலுமினிய ஐந்து பைசா, பத்து பைசாக்கள் புளிப்பு மண்ணில் வெள்ளைப் பொடி பூத்து ஓட்டையாகிவிடும். அவற்றுக்குச் சிகிச்சை தேடி நேரம் செலவிட வேண்டியதில்லை.

எழுத்துத் தெரியாத காசு எது என்று அறியத்தானே தூய்மை செய்கிறோம் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பெரும்பாலும் தராசே போதும். 1835 தொடங்கி அச்சிடப்பட்ட செப்புக் காலணாவின் எடை 6.47 கிராம். 1906இல் செம்புக்குப் பதில் வெண்கலம் வந்தபோது அது 4.86 கிராமாகக் குறைந்தது. உலோகத் தட்டுப்பாட்டால் 1943 முதல் 1947 வரை நடுவே துளையிட்டு வெளியிடப்பட்ட ஓட்டைக் காலணா ஏறக்குறைய 2 கிராம்தான். சென்னை மாகாணத்து 20 காசு 9 கிராமுக்கு மேல் இருக்கும். அரிப்பினால் எடை குறையும், ஒட்டிய மண்ணால் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், விட்டமும் எடையும் சேர்ந்து கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு அளவுக்குக் காலத்தைக் குறுக்கிவிடும். எஞ்சியதை ஒளி செய்யும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் காசின் பரப்புக்கு ஏறத்தாழ இணையாகப் படுக்கவைத்து, நாற்புறமிருந்தும் மாறி மாறி ஒளிபாய்ச்சி எடுத்த படங்களில், நேரே பார்த்தபோது தெரியாத எழுத்துகளின் மேடுகள் நிழல் விழுந்து துலங்கும். விக்டோரியாவின் பெயரோடு அரசி என்றிருக்கிறதா, 1877க்குப் பின் வந்த பேரரசி என்றிருக்கிறதா என்பதைப் பல நேரங்களில் இப்படியே படித்துவிடலாம். விற்பனை நோக்கில் பார்த்தாலும், தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்போர் குறைந்த விலையே தருகிறார்கள்.

காசைக் காப்பதில் மலையின் ஈரமே பெரிய தடை. வெண்கல நோய் அடங்கியிருக்கக் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும்; ஆடி, ஆவணி மழையில் உதகையிலோ கூடலூரிலோ இது வெறுங்கனவு. ஆகவே, கழுவிய காசை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்து ஈரத்தை விரட்டியபின், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பதும், ஜெல்லின் நிறம் மாறும்போது சூடேற்றி மீண்டும் பயன்படுத்துவதும் தவிர்க்க முடியாதவை. நோய் உள்ளதா என்ற ஐயம் இருந்தால், நனைந்த பஞ்சோடு ஒரு மூடிய பெட்டிக்குள், பஞ்சு காசைத் தொடாமல், ஓரிரு நாள் வைத்துப் பார்க்கலாம். வெளிர்பச்சைப் புள்ளி கிளம்பினால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். கடைகளில் விற்கும் மலிவான பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உமிழ்பவை. ரப்பர் பட்டையில் கந்தகம் இருக்கிறது. அமிலமற்ற காகித உறை இவ்விரண்டையும்விட மேலானது, விலையும் குறைவு.

தோண்டலாமா என்பது தூய்மை செய்வதற்கும் முந்திய கேள்வி. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணிலோ மண்ணோடு பொருந்திய எதிலுமோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளையும் புதையல் என்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவித்துப் பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்குரிய பிணை தர வேண்டும். மறைத்தால் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமை கோர எவரும் இல்லாத புதையல், நில உரிமையாளருக்கும் கண்டெடுத்தவருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நில உரிமையாளருக்கும் சேரும் என்பதைப் பலர் அறியார். அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் சட்டம் வழிசெய்கிறது. நூறாண்டுப் பழமையுள்ள நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமையில்லை, அதில் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவது அனுமதியின்றிக் கூடாது. நீலகிரியின் பெரும்பரப்பு காப்புக்காடாகவும் புலிகள் காப்பகமாகவும் படைத்துறை நிலமாகவும் இருப்பதால், தம் சொந்த நிலத்துக்கு வெளியே ஒருவர் மண்வெட்டியோடு இறங்கக்கூடிய இடம் இங்கே மிகக் குறைவு.

சட்டம் சொல்லாத எல்லை ஒன்றும் உண்டு. உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவருக்கு வீரராயன் பணம் எனப்படும் மிகச் சிறிய பொற்காசை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுக்கும் வழக்கம் படகரிடையே இருந்ததை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுசெய்தார். இறந்தவரோடு காசும் பயணம் செய்யும் ஒரு மலையில், கருவி ஒலிக்கும் இடம் யாருடைய ஈமநிலம் என்று கேட்காமல் தோண்டுவது திருட்டைவிடக் கீழானது என்பது என் கருத்து. மலையுச்சிகளிலுள்ள கல்வட்டங்களுக்கும் இது பொருந்தும். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் உள்ளிட்ட 19ஆம் நூற்றாண்டு அலுவலர்கள் அவற்றைத் திறந்து, வெண்கலக் கிண்ணங்களையும் விலங்குருவம் அமைந்த மூடியுள்ள தாழிகளையும் எடுத்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். எந்தப் பொருள் எந்த அடுக்கில் எதனருகே கிடந்தது என்னும் குறிப்புகள் போதிய அளவில் இல்லாததால், அவற்றைப் புதைத்தோர் யார், எக்காலத்தவர் என்ற விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

வீட்டுக்கு அடித்தளம் எடுக்கும்போது ஒரு பானை நிறையக் காசு கிடைத்தால், ஆட்சியருக்கு எழுத வேண்டிய அறிவிப்பில் பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிடச் சட்டம் கேட்கிறது. அருங்காட்சியகத்து நாணயவியலாளர் கேட்பதும் ஏறத்தாழ இவற்றையே. கூடுதலாகப் பானையின் ஓடுகளையும் உள்ளிருந்த மண்ணையும் கேட்பார். காசுகள் பிரிக்கப்படாமல், தேய்க்கப்படாமல் ஒன்றாக வந்தால், அவற்றுள் மிகப் பிந்திய ஆண்டுள்ள ஒன்றை வைத்து அந்தப் பானை அதற்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்று அவரால் சொல்ல முடியும். திப்புவின் யானைக் காசோடு 1808ஆம் ஆண்டுச் சென்னைக் காசு ஒன்று கலந்திருந்தால், மைசூர் வீழ்ந்து ஒன்பதாண்டு கடந்த பின்னும் மலையடிவாரச் சந்தையில் பழைய செம்பு செல்லுபடியானது என்பதற்கு அது சான்றாகும். அந்த ஒற்றைக் காசு அழகாக இருக்கிறதென்று யாரேனும் முன்னரே எடுத்துப் புளிபோட்டு விளக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தால், எஞ்சிய குவியல் முழுவதும் 1799க்கு முந்தியதாகவே பதிவேட்டில் ஏறும்.